பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: அயன் மெய்டனின் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ ஆல்பத்தை மறுபடி எடைபோடுவது எப்படி?

‘அண்டர்ரேட்டட்’ என்ற சொல் இசை ரசிகர்களிடம் மாட்டிக்கொண்டு படாதபாடு படுகிறது. தனக்குப் பிடித்த ஒரு பாட்டு பக்கத்து நண்பருக்குப் பிடிக்கவில்லை என்றால் போதும், அது அண்டர்ரேட்டட் ஆகிவிடுகிறது. உண்மையில் அந்தச் சொல் ஒரு இடைவெளியைக் குறிக்கிறது: ஆல்பத்தின் தரம் ஒருபக்கம், ஊரில் அதற்கு இருக்கும் பெயர் இன்னொரு பக்கம். ஆகவே அளக்க வேண்டியவை இரண்டு. பெயர் எப்படிக் கெட்டது என்பதை விசாரிக்காமல், தரத்தை மட்டும், அதுவும் ‘எனக்குப் பிடிச்சிருக்கு’ என்ற ஒற்றை முழக்கோலால் அளந்துவிட்டுத் தீர்ப்பு சொல்வதால்தான் இந்த விவாதங்கள் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

மறுமதிப்பீடு என்பது பழைய தீர்ப்பைப் பிரித்துப் பார்த்து, எந்தக் குற்றச்சாட்டு நிற்கிறது, எது நிற்கவில்லை என்று சரிபார்க்கும் வேலை. முடிவில் ஆல்பத்தின் மதிப்பு ஏறலாம். அப்படியே இருக்கலாம். சில சமயம் மதிப்பு அதே இடத்தில் இருக்க, காரணம் மட்டும் மாறலாம். இதைப் பழகிக்கொள்ள, யாரும் கவனிக்காமல் விட்ட ஆல்பத்தைவிட எல்லோரும் கவனித்து வெறுத்த ஆல்பம் நல்லது. வெறுப்புக்குக் காரணங்கள் பதிவாகியிருக்கும். ஒவ்வொன்றையும் காதால் சோதிக்கலாம். ஹெவி மெட்டலில் அதற்குத் தோதான ஆல்பம் அயன் மெய்டனின் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’.

வழக்கு விவரம்

லண்டனில் பேஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய குழு அயன் மெய்டன். 80-களில் அவர்கள் தொட்டதெல்லாம் துலங்கியது. 90-களில் தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கிட்டாரிஸ்ட் அட்ரியன் ஸ்மித் 1990-ல் போனார். 1981-ன் ‘கில்லர்ஸ்’ தொடங்கி 1992-ன் ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ வரை எட்டு ஸ்டூடியோ ஆல்பங்களைத் தயாரித்த மார்ட்டின் பிர்ச் அத்துடன் ஓய்வு பெற்றார். 1993-ல் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சனும் விலகினார். அவர் இடத்துக்கு 1994-ல் வந்தவர் ப்ளேஸ் பெய்லி. அதற்கு முன் ‘வுல்ஃப்ஸ்பேன்’ என்ற குழுவில் பாடியவர். அந்தக் குழு 1990-ல் மெய்டனின் சுற்றுப்பயணத்தில் முன்னோட்டக் குழுவாக வாசித்திருக்கிறது.

‘தி எக்ஸ் ஃபேக்டர்’ வெளிவந்தது 1995 அக்டோபர் 2. பத்தாவது ஸ்டூடியோ ஆல்பம் என்பதால் ரோமன் எண் பத்தைக் குறிக்கும் எக்ஸ். அதே தேதியில்தான் ஒயாசிஸ் என்ற பிரிட்பாப் ராக் குழுவின் ‘மார்னிங் குளோரி’ ஆல்பமும் பிரிட்டனில் கடைக்கு வந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பிரிட்டிஷ் பட்டியலில் மெய்டன் 8-ஆம் இடம் பிடித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முந்தைய ஆல்பம் முதலிடம், அதற்கு முந்தையது இரண்டாமிடம். ‘கில்லர்ஸ்’ ஆல்பத்துக்குப் பிறகு அவர்கள் கண்ட மிகக் கீழான இடம் இது. அமெரிக்காவில் முதல் நூறுக்குள்கூட வரவில்லை.

அன்று முதல் இந்த ஆல்பத்தின் மேல் சொல்லப்படும் குறைகளைச் சுருக்கினால் நான்கு தேறும். குரல் சரியில்லை. ஒலிப்பதிவு காய்ந்து கிடக்கிறது. எல்லாப் பாட்டும் மெதுவாக, ஒரே மாதிரி இருக்கிறது. ரொம்ப நீளம். இந்த நான்கையும் ஒரு தாளில் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ‘மோசமான ஆல்பம்’ என்ற மொத்த வசையைச் சோதிக்க வழியில்லை. இந்த நான்கையும் சோதிக்கலாம்.

முதலில் சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

அலுப்பான வேலைதான், ஆனாலும் இதைத் தாண்டிப் போகக்கூடாது. இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதையே காது ‘நல்ல ஒலி’ என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு டெசிபல் வித்தியாசம் போதும். சத்தம் கூடியது என்று தெரியாது, ‘தெளிவா இருக்கு’ என்றுதான் தோன்றும். 1995-ன் சிடியையும் பிற்பாடு ஒலியைச் செப்பனிட்டு வந்த ரீமாஸ்டர் பதிப்பையும் மாற்றி மாற்றிக் கேட்டு ‘ரீமாஸ்டர்தான் சூப்பர்’ என்று சொல்பவர்களில் பலர் வால்யூமைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்பாட்டிஃபை போன்ற செயலியில் கேட்டால் அமைப்புகளில் ‘வால்யூம் நார்மலைஸ்’ என்ற வசதியைப் போட்டுவிடுங்கள். கோப்புகளாக வைத்திருந்தால் ஃபூபார் 2000 போன்ற பிளேயரில் ரீப்ளேகெய்ன் (பாட்டுகளின் சத்த அளவைச் சமன் செய்யும் வசதி) ஸ்கேன் செய்தால் போதும். சிடி பிளேயர் என்றால் போனில் ஒரு டெசிபல் மீட்டர் செயலியை ஸ்பீக்கருக்கு முன் ஒரே இடத்தில் வைத்து, ஒரே பாட்டின் ஒரே பகுதிக்கு இரண்டு பதிப்பும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும்வரை வால்யூமைத் திருகுங்கள். ஈக்வலைசர் தட்டையாகவே இருக்கட்டும். பேஸ் பூஸ்ட் போட்டுவிட்டு ‘ஒலிப்பதிவு அப்படியொன்றும் மோசமில்லையே’ என்றால் நீங்கள் கேட்டது உங்கள் ஈக்வலைசரை.

இன்னொன்று. 71 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். காது களைத்துவிடும், ஏழாவது பாட்டுக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், பழி பாட்டின் மேல் விழும். முதல் நான்கு பாட்டு ஒரு நாள் (28 நிமிடம்), அடுத்த மூன்று ஒரு நாள் (17 நிமிடம்), கடைசி நான்கு ஒரு நாள் (26 நிமிடம்). ‘ஒரே மூச்சில் அலுப்பூட்டுகிறதா’ என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அதைக் கடைசியில் தனியாகக் கேட்கலாம்.

குரல்: பெரிய பழி இங்கேதான்

டிக்கின்சன் உச்ச ஸ்தாயியில் சைரன் போலப் போகக்கூடியவர். பெய்லி பாரிடோன்; அவர் குரலின் சதைப்பிடிப்பு முழுவதும் கீழேயும் நடுவிலும் இருக்கிறது. நம் ஊர் மேடையில் சொல்வதுபோல் சொன்னால், ஐந்து கட்டையில் பாடுபவருக்காகப் போட்ட மெட்டை இரண்டு கட்டைக்காரரிடம் கொடுத்து, ‘சுருதிப் பெட்டியைத் தொடக்கூடாது’ என்று சொன்னால் என்ன ஆகும்? மெய்டன் கச்சேரிகளில் அதுதான் ஆனது. பழைய பாட்டுகளைக் குழு அதே கட்டையில் வாசித்தது. கிட்டார் தந்திகளை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக் கட்டிக்கொள்வது மெட்டல் குழுக்கள் சாதாரணமாகச் செய்கிற காரியம். அதைச் செய்திருந்தால் பெய்லியின் தொண்டைக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். இறக்காததால் மேலே எட்டிப் பிடிக்க முயன்று அவர் தடுமாறிய ஒலிநாடாக்கள் ஏராளம். குரல் கோளாறால் சில கச்சேரிகளை ரத்து செய்ய வேண்டியும் வந்தது.

இப்போது அந்த ஒலிநாடாக்களை ஒதுக்கிவிட்டு, இந்த ஆல்பத்தில் அவருக்கென்று எழுதப்பட்ட பாட்டுகளை மட்டும் வைத்துப் பாருங்கள். சோதனை இது: ஒவ்வொரு பாட்டிலும் குரல் தாழ்ந்து நிற்கும் இடத்தையும் மேலே ஏறும் இடத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டிலும் அவர் எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள்.

‘2 ஏ.எம்.’ என்ற பத்தாவது பாட்டை எடுப்போம். இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து வீடு வந்து, கையில் பீருடன் டிவி முன்னால் உட்கார்ந்து, எதற்காக இப்படி வாழ்கிறோம் என்று யோசிக்கும் ஒருவன். தொடக்கத்தில் கிட்டார் டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது) இல்லாமல் மெல்ல மீட்டப்படுகிறது; குரலில் அலங்காரம் எதுவும் கிடையாது. ஹெட்போனில் கேட்டால் அடித்தொண்டையின் கரகரப்பு காதுக்குள் ஒட்டிக்கொள்ளும். இதே வரிகளை டிக்கின்சன் பாடியிருந்தால் ஒரு நாடக மேடை வந்து நின்றிருக்கும். அவர் குரலில் எப்போதும் ஒரு வீரன் இருக்கிறான். இந்தப் பாட்டுக்குத் தேவை சோர்ந்துபோன ஒரு சாதாரண மனிதன். அது பெய்லியிடம் கேட்காமலே கிடைக்கிறது. அதே பாட்டு கனத்து எழும் இடத்தில் குரல் இறுகுகிறது, கொஞ்சம் தட்டையாகிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வக்காலத்து வாங்குவதற்காகக் கேட்கவில்லை, சோதிப்பதற்காகக் கேட்கிறோம்.

‘ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்’ போரிலிருந்து திரும்பிய சிப்பாயின் மனக்காயத்தைப் பற்றியது. அதிலும் மெதுவான முதல் பகுதியில் குரல் சரியாகப் பொருந்துகிறது. ‘மேன் ஆன் தி எட்ஜ்’ வேகமான பாட்டு, ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிட்ட முதல் பாட்டு (சிங்கிள்). அங்கே கோரஸில் (திரும்பத் திரும்ப வரும் பல்லவியில்) ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது குரல் தேய்கிறது. ஆனால் அந்தக் கோரஸ் எழுதப்பட்ட விதமே அப்படி. யார் பாடினாலும் அங்கே ஏறுவதற்குப் படி இல்லை.

ஒப்பிட ஒரு நல்ல ஆதாரமும் கையில் இருக்கிறது. 1999-ல் டிக்கின்சன் திரும்பி வந்த பிறகு, பெய்லி காலத்துப் பாட்டுகள் சிலவற்றை மேடையில் அவரே பாடினார். 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் பதிவான ‘ராக் இன் ரியோ’ நேரடி ஆல்பத்தில் ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ இருக்கிறது. 2003-ல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் பதிவான ‘டெத் ஆன் தி ரோடு’ ஆல்பத்தில் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ இருக்கிறது. பலர் இவற்றைக் கேட்டுவிட்டு, ‘பார்த்தீர்களா, நல்ல பாடகர் பாடினால் பாட்டு எப்படி எழுகிறது’ என்பார்கள். அவசரப்பட வேண்டாம். அங்கே ஒரே நேரத்தில் மூன்று விஷயம் மாறியிருக்கிறது: பாடகர், கிட்டார்களின் எண்ணிக்கை (இரண்டு மூன்றாகிவிட்டது), ஒலி (மூடிய ஸ்டூடியோ அறைக்குப் பதில் பெரிய மேடையும் கூட்டத்தின் இரைச்சலும்). எது எதனால் நடந்தது என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

பிரித்துக் கேட்டால் கிடைப்பது இது. ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ 11 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. உம்பர்ட்டோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ நாவலை ஒட்டி, ஐரோப்பிய இடைக்காலத் துறவிகளின் உலகில் நடக்கிறது. லத்தீன் தேவாலயச் சேர்ந்திசையில் தொடங்கி, பேஸ் கிட்டாரும் முணுமுணுப்பான குரலுமாக நகர்ந்து, பிறகுதான் இடி விழுகிறது. கோரஸ் டிக்கின்சனிடம் இரண்டு ஆள் உயரம் வளர்கிறது, அதில் சந்தேகமில்லை. நடுவில் வரும் நீண்ட வாத்தியப் பகுதி மூன்று கிட்டார்களால் தடிக்கிறது. இதில் பாடகருக்குப் பங்கே இல்லை. ஆனால் அந்த முணுமுணுப்புத் தொடக்கம் பெய்லியிடம்தான் பயமுறுத்துகிறது. டிக்கின்சன் கதை சொல்கிறார். பெய்லி அந்த மடத்துக்குள்ளேயே நிற்கிறார்.

ஆக, குரல் பற்றிய குற்றச்சாட்டு பாதிதான் நிற்கிறது. கச்சேரிகளுக்கு அது பொருந்தும். இந்த ஆல்பத்துக்குச் சில கோரஸ்களில் மட்டும் பொருந்தும்.

காய்ந்த ஒலி

மார்ட்டின் பிர்ச் போன பிறகு தயாரிப்பை ஹாரிஸும் நைஜல் கிரீனும் ஏற்றுக்கொண்டார்கள். பதிவு நடந்தது எசெக்ஸில் ஹாரிஸின் வீட்டு வளாகத்தில் இருந்த ‘பார்ன்யார்ட்’ ஸ்டூடியோவில். ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ பதிவானதும் அங்கேதான். அதனால் ‘வீட்டு ஸ்டூடியோதான் கெடுத்தது’ என்ற வாதம் அவ்வளவாக ஓடாது. மாறியது கலவை, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங்.

‘காய்ந்த’ என்றால் என்ன? எந்த ஒலியும் ஒரு இடத்தில் ஒலிக்கும்போது சுவர்களில் பட்டுத் திரும்பிவரும் எதிரொலி அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒலிப்பதிவில் அதைச் செயற்கையாகச் சேர்ப்பதற்குப் பெயர் ரிவெர்ப். அது நிறைய இருந்தால் கோயில் பிரகாரத்தில் பாடுவதுபோல் இருக்கும். இல்லாவிட்டால் சாமான் அறையில் பாடுவதுபோல். மெய்டனின் ‘செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்’ (1988) ஆல்பத்தில் ஏதாவது ஒரு டிரம் அடியை ஹெட்போனில் கேளுங்கள், அடிக்குப் பின்னால் ஒரு வால் நீளும். பிறகு ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ கேளுங்கள். அடி விழுகிறது, உடனே முடிகிறது. கிட்டார்கள் ஒல்லியாக, பேஸுக்குப் பின்னால் நிற்கின்றன. குரல் முன்னால், மூடுதிரை இல்லாமல் நிற்கிறது. பாடகரின் சிறு பிசிறும் வெளியே தெரிவதற்கு இதுதான் காரணம். ‘குரல் சரியில்லை’ என்று எழுதியவர்கள் பாதி இடங்களில் கலவையைத்தான் குறை சொன்னார்கள். அவர்களுக்கே அது தெரியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ‘ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்’ பாட்டின் ஒரு நிமிடத்தை வெட்டி, அதன் ரிவெர்ப் எஃபெக்டை மிக லேசாகச் சேர்த்துக் கேளுங்கள். முழுப் பாட்டின் மேலும் தெளிப்பதால் முறைப்படி இது சரியான கலவை ஆகாது. பேஸும் டிரம்ஸும் கொஞ்சம் குழம்பும். ஆனாலும் குரல் பின்னால் நகர்ந்து உட்காருவதும், அதன் பிசிறு மறைவதும் காதில் விழும். கூடவே இன்னொன்றும் தெரியும்: இந்தப் பாட்டுகளின் அடைபட்ட உணர்வு கொஞ்சம் கரைந்துவிடும். காய்ந்த ஒலி குறைதான், ஆனால் ‘2 ஏ.எம்.’ போன்ற பாட்டுக்கு அந்தக் குறை கூலியில்லாமல் வேலை செய்கிறது. எட்டாவது பாட்டான ‘பிளட் ஆன் தி வேர்ல்ட்ஸ் ஹேண்ட்ஸ்’ ஒரு நிமிடத்துக்கு மேல் தனி பேஸ் கிட்டாரில் தொடங்கும். ஹாரிஸ் பிக் (தந்தியை மீட்டும் சிறு துண்டு) பயன்படுத்தாமல் விரலால் வாசிப்பவர். தந்தி ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் உலோகக் கட்டையில்) மோதும் ‘கடகட’ ஓசை இவ்வளவு அருகில் கேட்கும் இடம் மெய்டனில் குறைவு. எதிரொலி மூட்டம் இருந்திருந்தால் அது கேட்டிருக்காது.

உண்மையான பாவம்: அடுக்கும் நீளமும்

நான்கு குற்றச்சாட்டில் கடைசி இரண்டும் உண்மையில் ஒன்றுதான். முழுதாக நிற்பதும் அதுதான். பதினொரு பாட்டையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எப்படித் தொடங்குகிறது என்று மட்டும் எழுதிப் பாருங்கள். மெல்லிய தனி வாத்தியம், தாழ்ந்த குரல், பிறகு கனமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடர்), சோலோ (கிட்டாரின் தனி வாசிப்பு), முடிவில் மறுபடி மெல்லிய பகுதி. ‘சைன் ஆஃப் தி கிராஸ்’, ‘ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்’, ‘தி எட்ஜ் ஆஃப் டார்க்னெஸ்’, ‘2 ஏ.எம்.’ என்று இந்த அச்சில் வார்த்தவை வரிசையாக வருகின்றன. மெய்டனின் அடையாளமான குதிரைக் குளம்படித் தாளம், அதாவது ஒரு நெடில் இரண்டு குறில் சேர்ந்த ‘தாம்-தக தாம்-தக’ ஓட்டம், இங்கே முன்பைவிட அபூர்வம். தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கும் பாட்டுகள் ஒன்றையொன்று அமுக்கிவிடுகின்றன.

பாட்டெழுதியவர்களின் பெயரைப் பார்த்தாலும் ஒரு காரணம் தெரியும். பதினொன்றில் பத்தில் ஹாரிஸின் கை இருக்கிறது. நான்கு அவர் தனியாக எழுதியவை. கிட்டாரிஸ்ட் ஜானிக் கெர்ஸ் ஏழில் பங்கு, பெய்லி ஐந்தில் பங்கு. இன்னொரு கிட்டாரிஸ்டான டேவ் மர்ரேயின் பெயர் எதிலுமே இல்லை. முந்தைய காலத்தில் ஸ்மித்தும் டிக்கின்சனும் கொண்டுவந்த குட்டையான, கொக்கி போட்டு இழுக்கும் பாட்டுகள் நடுநடுவே வந்து மூச்சுவிட இடம் கொடுக்கும். இங்கே அந்தக் கை இல்லை. சிடியில் 74 நிமிடம் கொள்ளும் என்ற சபலமும் சேர்ந்துகொண்டது. வினைல் காலத்தில் ஒரு பக்கத்துக்கு 22, 23 நிமிடத்தைத் தாண்டினால் ஒலி மெலியும் என்ற பயமே நல்ல எடிட்டராக இருந்தது. ‘செவன்த் சன்’ சுமார் 44 நிமிடம். இது 71. வினைலில் இரண்டு தட்டாகத்தான் வெளியிட முடிந்தது.

அதனால் இந்தப் பயிற்சி: ஆல்பத்தை நீங்களே ஒரு தட்டு அளவுக்கு வெட்டுங்கள். ஒரு யோசனை. முதல் பக்கம், ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ (11:18), ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ (5:04), ‘மேன் ஆன் தி எட்ஜ்’ (4:13): 20 நிமிடம் 35 நொடி. இரண்டாம் பக்கம், ‘ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்’ (7:24), ‘ஜட்ஜ்மென்ட் ஆஃப் ஹெவன்’ (5:12), ‘தி எட்ஜ் ஆஃப் டார்க்னெஸ்’ (6:39), ‘2 ஏ.எம்.’ (5:38): 24 நிமிடம் 53 நொடி. மொத்தம் 45 நிமிடம் 28 நொடி. பதிப்புக்குப் பதிப்பு சில நொடி முன்பின் இருக்கலாம். ‘பிளட் ஆன் தி வேர்ல்ட்ஸ் ஹேண்ட்ஸ்’ போவது மனசில்லாமல்தான், ஆனால் அதன் அறிமுகம் பாட்டைவிட நன்றாக இருக்கிறது. ‘லுக் ஃபார் தி ட்ரூத்’ போனால் யாரும் தேடமாட்டார்கள். ‘தி ஆஃப்டர்மாத்’ சொல்லும் போர்க்கதையை ‘ஃபார்ச்சூன்ஸ்’ ஏற்கெனவே சொல்லிவிட்டது. கடைசிப் பாட்டான ‘தி அன்பிலீவர்’ பாட்டும் போகிறது.

இந்த ஏழையும் இப்போது ஒரே மூச்சில் கேளுங்கள். அலுப்பு எங்கே போனது என்று பாருங்கள். ஒரு இசைத்துணுக்கைக்கூட மாற்றவில்லை, பாடகர் அவரேதான், கலவை அதேதான். நான்கு பாட்டை எடுத்ததும் ஆல்பம் மேலேறுகிறது என்றால் குறை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும்.

வரிகள், அட்டைப்படம், சொந்தக் கதை

இவற்றில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவல், கொப்போலாவின் ‘அபாகலிப்ஸ் நவ்’ திரைப்படம், மைக்கேல் டக்ளஸ் நடித்த ‘ஃபாலிங் டவுன்’ திரைப்படம் என்று பாட்டுகளுக்கு மூலக்கதைகள் உண்டு. மெய்டனுக்கு அது புதிதல்ல. புதிது என்னவென்றால் ‘ஜட்ஜ்மென்ட் ஆஃப் ஹெவன்’ போன்ற பாட்டுகளில் தன்மையில் பேசும் மனச்சோர்வு. ஹாரிஸ் அப்போது மணமுறிவைக் கடந்துகொண்டிருந்தார். இந்தத் தகவல் பாட்டின் நிறத்தை விளக்கும், தரத்தை உயர்த்தாது. துக்கத்தில் எழுதிய சுமாரான பாட்டு சுமாரான பாட்டுதான். அட்டையில் ஓவியர் டெரெக் ரிக்ஸ் வரைந்த பழைய எடிக்கு (குழுவின் அடையாளமான பேயுருவத்துக்கு) பதிலாக, ஹியூ சைம் உருவாக்கிய, பொம்மையைப் புகைப்படம் எடுத்தது போன்ற அறுவைக்கூடக் காட்சி வந்தது. கடையில் அதைப் பார்த்தே பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். அது இசைக்குச் சம்பந்தமில்லாத கழிவு. பெயர்க் கணக்கில் வரும், தரக் கணக்கில் வராது.

மதிப்பெண் தாள்

பாட்டுக்கு நான்கு கட்டம் போடுங்கள்: இயற்றியது, பாடியதும் வாசித்ததும், பதிவு, ஆல்பத்தின் வரிசையில் இருக்கும் இடம். ஒவ்வொன்றிலும் கூட்டல், பூஜ்யம், கழித்தல். பத்துக்கு இத்தனை என்று போடாதீர்கள்; மொத்த மதிப்பெண் போட்டதும் மூளை விசாரணையை நிறுத்திவிடும். ‘சைன் ஆஃப் தி கிராஸ்’: கூட்டல், கூட்டல், கழித்தல், கூட்டல். 11 நிமிடப் பாட்டை முதலில் வைத்தது தவறு என்று வாதிடுபவர்கள் உண்டு. வாசலிலேயே ‘இது பழைய வீடு இல்லை’ என்று சொல்லிவிடுவது நேர்மைதான். ‘மேன் ஆன் தி எட்ஜ்’: பூஜ்யம், பூஜ்யம், கழித்தல், கூட்டல். ‘2 ஏ.எம்.’: கூட்டல், கூட்டல், பூஜ்யம், கழித்தல், ஏனென்றால் பத்தாவதாக வரும்போது அதே அச்சில் வார்த்த பாட்டுகளைக் கேட்டுக் காது மரத்திருக்கும். பதினொன்றையும் முடித்தபின் கட்டங்களை மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதல் கட்டத்தில் கூட்டல் அதிகம், மூன்றிலும் நான்கிலும் கழித்தல் அதிகம் என்றால் அந்த ஆல்பத்துக்குத்தான் மறுமதிப்பீடு பலன் தரும். மூலப்பொருள் நல்லது, சமையலும் பரிமாறலும் சொதப்பல். முதல் கட்டமே கழித்தலாக இருந்தால் எத்தனை முறை கேட்டாலும் மீளாது.

தடுக்கி விழும் இடம் ஒன்று. ஊரே திட்டுகிறது என்பதற்காகவே தூக்கிப் பிடிப்பது ஒரு போதை. அது வந்துவிட்டதா என்று பார்க்க, அந்த ஆல்பத்தின் மேல் நீங்கள் நம்பும் இரண்டு குறைகளைத் தயங்காமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத வரவில்லை என்றால் ஒரு மாதம் கழித்துக் கேட்பது உத்தமம்.

தாள் தயாரானதும் அடுத்ததாக, 1998-ல் வந்த ‘வர்ச்சுவல் லெவன்’ ஆல்பத்துக்கு இதே முறையைப் போட்டுப் பாருங்கள். அதே பாடகர், அதே தயாரிப்பாளர்கள், நீளமோ 53 நிமிடம்தான். ‘தி கிளான்ஸ்மேன்’ முதல் கட்டத்தில் தாராளமாகக் கூட்டல் வாங்கும். அடுத்து ‘தி ஏஞ்சல் அண்ட் தி கேம்ப்ளர்’ பாட்டுக்கு வாருங்கள். கிட்டத்தட்ட பத்து நிமிடம். கையில் பேனாவை வைத்துக்கொண்டு கோரஸ் எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். இருபதைத் தாண்டும்போது, முதல் கட்டத்தில் என்ன குறி போட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.